வெயிலில் பார்த்து வாங்கிய கேமரா

சசிகலா அண்ணி கேமரா வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எதுக்கு?" டிராக்டர் வாங்கினால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கறவை மாடு வாங்கினால் எத்தனை லிட்டர் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சாமந்தி பறிக்கிற ஒரு பெண் கேமரா வாங்குகிறாள் என்றதும் அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அண்ணியிடம் காரணம் இருந்தது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டும் வந்திருந்தார். சிக்கலே அதுதான்.

அவர் என் பெரியப்பா மகன் மாதவராஜின் மனைவி. பிறந்த ஊர் பொம்மிடி. அவருடைய அப்பா ரயில்பாதை பராமரிக்கும் வேலையில் இருந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம் ஆகி, இண்டூரை ஒட்டிய எங்கள் ஊருக்கு வந்தார். அப்போதிலிருந்து சாமந்தியும் தக்காளியும்தான். பூப்பறிக்கப் போகும்போது செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். பனியில் நனைந்த பூவரிசை, சொட்டுநீர்க் குழாய் மேல் உட்கார்ந்த ஓணான், வெற்றிலை மெல்லும் மாமியாரின் பக்கவாட்டு முகம் என்று எதையாவது எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால் விரல் சட்டென்று நகராது. எங்கள் வகையறாவில் முதல் பட்டதாரி நான்தான்; கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். ஊரில் ஆங்கிலத்தில் என்ன வந்தாலும் என்னிடம்தான் வரும். அண்ணியின் கேமராவும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். போன வருடத்து மாரியம்மன் பண்டிகை வீடியோவை ஊர்ப் பெண்கள் அண்ணி வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தார்கள். டவுனிலிருந்து வந்த ஸ்டுடியோக்காரர் எடுத்தது. ட்ரோன் கோபுரத்தைச் சுற்றியது. கமிட்டிக்காரர்கள் மாலையோடு வந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். மாவிளக்கு வரிசை வந்த இடத்தில் பாட்டு மாறியது, காட்சியும் மாறிவிட்டது. பெண்களின் முதுகுகள் கொஞ்ச நேரம் தெரிந்தன. அவ்வளவுதான். காலில் ஆபரேஷன் செய்துகொண்டு, வேண்டுதலுக்காக அந்தக் காலோடு விளக்கைச் சுமந்து நடந்த சின்னபாப்பா டிவியைப் பார்த்தபடி கேட்டார்: "ஏம்மா சசி, நான் வந்தனா இல்லியா?"

இந்த வருடம் பண்டிகைக் கூட்டம் போட்டபோது அண்ணி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார்.

"இந்த வருசம் வீடியோ நான் எடுக்கறேங்க."

கமிட்டித் தலைவர் நஞ்சப்பன் சிரித்தார். "எதுலம்மா, செல்போன்லயா? நடுவுல உங்கம்மா வூட்ல இருந்து போன் வந்தா சாமி அப்பிடியே நின்னுடுமே."

கூட்டமே சிரித்தது. அண்ணியும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார். "கேமரா வாங்கி எடுக்கறேன்."

"வாங்கியா?"

"வாங்கித்தான்."

நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, எடு. ஆனா ஒண்ணு. படம் சரியா வரலைன்னா இந்தப் பேச்சை இனிமே எந்தப் பொம்பளையும் எடுக்கக் கூடாது. ஊரு சாட்சி."

"சரிங்க," என்றார் அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பிடித்துக்கொண்டார். "ஊருக்கு முன்னால சரின்னுட்டு வந்துட்ட. எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

"அதான் இப்ப சொல்றேன் இல்ல."

பணம் அண்ணி பூவில் சேர்த்தது. அதனால் அண்ணன் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

முதலில் பாப்பாரப்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தமிழ்ச்செல்வனிடம் போனோம். அவர் தன்னுடைய பழைய கேமராவைக் கொடுப்பதாகச் சொன்னார். கையில் வாங்கினால் செங்கல் கனம். போட்டோ கண்ணாடி போல வந்தது. வீடியோவில் போட்டு ஒரு விளக்கை ஏற்றி வைத்துப் பார்த்தோம். படம் தெளிந்தது, மங்கியது, மறுபடி தெளிந்தது. "நெருப்பைப் பாக்கறதா மூஞ்சியப் பாக்கறதான்னு இதுக்கே தெரியல தம்பி," என்று அண்ணி திருப்பிக் கொடுத்துவிட்டார். தமிழ்ச்செல்வன் கோபித்துக்கொள்ளவில்லை. "கல்யாண போட்டோவுக்கு வாங்கினதுங்க அது. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுல வேணும். மிரர்லெஸ்னு புது மாதிரி வருது, அதைப் பாருங்க," என்றார்.

அதன்பிறகு நான் செல்போனோடு உட்கார்ந்தேன். தொழில்காரர்கள் வாங்கும் பெரிய கேமரா நமக்கு எட்டாது. பொம்மை மாதிரி வரும் சின்னது தாங்காது. நடுவில், ஆசைக்காரர்களுக்கென்று ஒரு தரம் இருக்கிறது. அதற்குள்ளேயே ஏகப்பட்டது. கை ஆட்டத்தைத் தாங்குவது, முகத்தை விடாமல் பிடித்துக்கொள்வது, நீண்ட நேரம் ஓடினால் சூடாகி நின்றுபோவது என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணி பூக்கட்டிக்கொண்டே கேட்பார். "சூடாகி நிக்குமா? பங்குனி வெயில்ல நானே நின்னுடுவேன். அதை விட்டுடு." அப்படியே கழித்துக் கழித்து இரண்டு மிஞ்சின. ஒன்று கைக்கு அடக்கமானது. யூடியூபில் பேசுகிற பையன்கள் எல்லாம் அதைத்தான் வைத்திருந்தார்கள். பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பெரியது. கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் இருந்தது.

நான் முதலாவதன் பக்கம். "எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க அண்ணி."

"எல்லாரும் ரூமுக்குள்ள உக்காந்துக்கினு பேசறாங்க. இத்தனை வீடியோ காட்டினியே, ஒருத்தனாச்சும் வெயில்ல நின்னானா?"

இல்லைதான். போய் நேரில் பார்த்துவிடுவோம் என்று தருமபுரிக்கு பஸ் ஏறினோம்.

கடையில் ரஞ்சித்குமார் என்ற விற்பனையாளர் இரண்டையும் எடுத்து வைத்தார். நல்ல பையன். ஏசி அறையில் இரண்டுமே அருமையாகத் தெரிந்தன. அண்ணி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "வெளிய எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாமா?" என்றார்.

"வெளியவா? ஓனர் ஒத்துக்க மாட்டாருங்கக்கா."

"வெயில்ல எடுக்கப் போறதை வெயில்ல பாக்காம எப்பிடிப்பா வாங்கறது? நீயும் வா. கழுத்துப் பட்டையை நீ புடிச்சுக்கோ. நான் ஓடினா இழுத்துடு."

ரஞ்சித்குமார் முதலாளியைப் பார்த்தார். முதலாளி எங்களைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் வெளியே வந்தோம். உச்சி வெயில். அண்ணி கேமராவை வைத்துக்கொள்ள, பட்டையின் நுனியை ரஞ்சித்குமார் சந்தையில் ஆடு பிடித்து நிற்பவர்போலப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னக் கேமராவின் திரையை அண்ணி உயர்த்தினார், தாழ்த்தினார், கையால் மறைத்தார். சிரித்துவிட்டார். "என் மூக்குத்தி நல்லாத் தெரியுது தம்பி. பஸ்ஸைத்தான் காணோம்."

அடுத்ததைக் கண்ணில் வைத்தார். அப்படியே மெல்லத் திரும்பினார். பூக்கடைப் பெண், பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டம், எதிர்க்கடைப் பலகை என்று அவர் முகம் போகும் பக்கமெல்லாம் ரஞ்சித்குமார் பட்டையோடு சுற்றினார்.

"இதுக்குள்ள நிழலு இருக்குது," என்றார் அண்ணி, கண்ணை எடுக்காமலே.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. உள்ளே வந்து, எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். படம் பிரமாதம். சத்தம்தான் வேறு மாதிரி இருந்தது. பஸ் ஹார்னுக்கு மேலே ஜல் ஜல் என்று அண்ணியின் கண்ணாடி வளையல்.

"அக்கா, எடுக்கறப்ப மட்டும் வளையலைக் கழட்டி வெச்சுட்டீங்கன்னா..."

அண்ணி நிமிர்ந்தார். "என் வூட்டுக்காரரு நல்லா இருக்காருப்பா. வளையலை எதுக்குக் கழட்டணும்?"

ரஞ்சித்குமார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ, சாரிங்கக்கா. நான் அப்பிடிச் சொல்லல." அவசரமாக உள்ளே ஓடி, கேமரா மேல் மாட்டும் தனி மைக் ஒன்றை எடுத்து வந்தார். அதை மாட்டி, கைக்குட்டையை வளையல் மேல் சுற்றிக் கட்டிக்கொண்டு எடுத்தபோது சத்தம் சுத்தமாக வந்தது. வியூஃபைண்டர் வைத்தது, மைக், இன்னொரு பேட்டரி. முடிவு செய்துவிட்டார். பஸ்ஸில் ஊர் வரும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

அதன்பிறகு பண்டிகை வரைக்கும் அண்ணி எடுத்துக்கொண்டே இருந்தார். முதலில் தலைகளெல்லாம் வெட்டுப்பட்டன. பிறகு தலை வந்தது, கால் போயிற்று. நடந்துகொண்டே எடுத்தால் படம் குதித்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதுபோல முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். குதிப்பு அடங்கியது. பெரும்பாலும் திரையைத்தான் பார்த்து எடுத்தார். வெயில் ஏறினால்தான் கேமரா கண்ணுக்குப் போகும். திரையைப் பார்த்தால் அக்கம்பக்கமும் தெரியுமே என்பார். ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து எடுக்க வேண்டும் என்பதால், களத்தில் அப்படியே நடந்து பழகினார். எங்கள் தெருப் பெண்கள் மாவிளக்குக்குப் பதில் சொம்பைப் பிடித்துக்கொண்டு எதிரே நடந்து கொடுத்தார்கள்.

"ஏ சசி, நானு சிரிக்கட்டுமா, சாமி மூஞ்சியா வெச்சுக்கட்டுமா?" என்பார் சின்னபாப்பா.

"எப்பிடி வர்றியோ அப்பிடி வாக்கா."

பண்டிகை நாள் வந்தது. காலையில் மாமியார் தீர்த்தம்மாள் கேமராவைச் சாமி படத்துக்கு முன் வைத்து, தேங்காய் உடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார். எங்கள் பக்கம் புது மோட்டார், புது பைக், புது பிரிட்ஜ் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்டுவதில்லை. முன்னாலிருக்கும் லென்ஸ் கண்ணாடியில் வைத்துவிடுவாரோ என்று அண்ணி பயந்துகொண்டே நின்றார். மாமியாருக்கு அந்த விவரம் தெரிந்திருந்தது. "கண்ணுல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?" என்று சொல்லி, பின்பக்கமாகத் திருப்பி, மேடாக இருந்த இடத்தில், நெற்றிபோலப் பார்த்து, தாராளமாக வைத்தார்.

ஊர் எல்லையில் மாவிளக்கு வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. மேளம் தொடங்கிவிட்டது. அண்ணி கேமராவை ஆன் செய்தார். பின்திரை கறுப்பாக இருந்தது.

நான் வாங்கி அணைத்துப் போட்டேன். கறுப்பு. பேட்டரியை மாற்றினேன். கறுப்பு. கார்டை எடுத்துப் போட்டேன். படித்த படிப்பில் எதுவும் கைகொடுக்கவில்லை. தூரத்தில் நஞ்சப்பன் வெள்ளை வேட்டியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தமிழ்ச்செல்வன் அண்ணனுக்குப் போன் போடட்டுங்களா அண்ணி? அவரு வந்து..."

"அவரு வந்தா அவரு எடுத்ததா ஆகும்." கேமராவைப் பிடுங்கினாற்போல வாங்கினார். கண்ணில் வைத்தார். "உள்ள தெரியுது."

"என்னங்க?"

"உள்ள தெரியுது தம்பி. வெளியதான் செத்துப் போச்சு. ஓடுது, சிவப்புப் புள்ளி ஓடுது." கண்ணை எடுக்காமலே கூப்பிட்டார். "என்னாங்க! இங்க வாங்க."

கும்பலில் எங்கேயோ நின்ற அண்ணன் வந்தார்.

"என் தோளைப் புடிச்சுப் பின்னாடியே கூட்டிக்கினு போங்க. இதுலருந்து கண்ணை எடுக்க முடியாது. எனக்கு வேற எதுவும் தெரியாது."

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். நட்டநடுத் தெருவில் பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. "ஊரே பாக்குதுடி."

"பாக்கத்தான எடுக்கறோம். புடிங்க."

பிடித்தார். வரிசை நகர்ந்தது. கேமரா சூடாகாமல் இருக்க நான் குடை பிடித்தேன். அண்ணன் பின்னால் பார்த்துப் பார்த்து இழுத்தார். முதலில் முணுமுணுப்பாகச் சொன்னார். மேளச் சத்தத்தில் அண்ணிக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது. பாதித் தெருவுக்குள் லாரியை ரிவர்ஸ் எடுக்க வைப்பவர்போல ஆகிவிட்டார். "வா, வா, வரலாம். பள்ளம் பள்ளம். லெப்ட்ல ஒடி. சாணி! சாணிடி! தாண்டு. ஆங், வா வா."

விளக்கோடு வந்த பெண்களுக்குச் சிரிப்பைச் சாமிக்கு முன்னால் அடக்க முடியவில்லை. அண்ணி எதையும் விடவில்லை. ஒவ்வொரு முகமும் வரும்வரை நின்று, வந்ததும் நகர்ந்து, காற்றில் அணைகிற திரியைக் கை மறைப்பதையும், நெய் வழிந்து விரலில் சுடுவதையும் எடுத்தபடி போனார்.

கோயில் வாசலில்தான் அது நடந்தது. ஒரு பக்கம் நஞ்சப்பனுக்குப் பரிவட்டம் கட்டத் தொடங்கினார்கள். மறுபக்கம் வரிசையின் கடைசியில் சின்னபாப்பா, ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து வந்துகொண்டிருந்தார். வாசலுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டார். தட்டு ஆடியது. அண்ணன் அண்ணியின் காதருகே ஏதோ சொன்னார். அண்ணி திரும்பவில்லை. சின்னபாப்பா பல்லைக் கடித்து, மறுபடி நடந்து, படியேறி, விளக்கை இறக்கி வைத்து உட்காரும்வரை கேமரா அவர் மேலேயே இருந்தது. அது முடிந்த பிறகுதான் அண்ணி கண்ணை எடுத்தார். கண்ணைச் சுற்றி ரப்பர் பதிந்த வட்டம். பிறகு வேப்பமரத்தடியில் பரிவட்டத்தோடு நின்ற நஞ்சப்பனை நான்கைந்து போட்டோ எடுத்தார். அவையும் நன்றாகவே வந்தன.

வீட்டுக்கு வந்து கேமராவைத் துணியால் துடைத்தபோது, காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. திரை பளிச்சென்று எரிந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கண்ணை வைக்கும் இடத்துக்கு மேலே சின்னதாக ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. முகம் பக்கத்தில் வந்தால் அது உணர்ந்து, திரையை அணைத்து வியூஃபைண்டரை எரிய விடும். மாமியார் பொட்டு வைத்தது அதன் மேல். யாரோ கண்ணை வைத்தபடியே இருக்கிறார்கள் என்று கேமரா நாளெல்லாம் நம்பிக்கொண்டிருந்தது.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அத்தைகிட்ட சொல்லாத. ஆசையா வெச்சாங்க. அடுத்த தடவை எங்க வெக்கறதுன்னு நானே காட்டறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்து டிவியில் வீடியோவைப் போட்டோம். அண்ணி பின்சுவரில் சாய்ந்து நின்றார். கைகளைக் கட்டியிருந்தார். முதல் முகம் வந்ததும் பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. "ஏ, நானு! நானுதான்!" அப்புறம் அண்ணனின் குரல் வந்தது. எத்தனை மைக் மாட்டினாலும் அந்தக் குரலைத் தடுக்க முடியவில்லை. "சாணிடி!" என்று டிவி சொன்னபோது கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கோயில் வாசல் வந்தது. திரையில் சின்னபாப்பா. பின்னால் அண்ணனின் குரல், தெளிவாக: "நஞ்சப்பன் மாமாவுக்குப் பரிவட்டம் கட்டறாங்க. திரும்பு, திரும்பு." உடனே அண்ணியின் குரல், அதைவிடத் தெளிவாக: "இருங்க."

படம் திரும்பவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது.

நஞ்சப்பன் எழுந்தார். "நிறுத்துப்பா." நிறுத்தினேன். "என் பரிவட்டம் எங்கம்மா?"

"கட்டினது வரலீங்க," என்றார் அண்ணி, சுவரை விட்டு முன்னே வந்து. "கட்டிக்கிட்டு நின்னது போட்டோவா இருக்குது. பெரிசாவே போட்டுத் தர்றேன்."

"கூட்டத்துல என்ன பேசினோம்? படம் சரியா வரலைன்னா..."

"படம் சரியா வந்திருக்குதுங்க. எதை எடுக்கறதுன்னு நான்தான் பாத்தேன். கேமரா தப்புப் பண்ணல. நானும் பண்ணல. அந்த நேரத்துல பரிவட்டத்துக்குத் திரும்பியிருந்தா, போன வருசத்து வீடியோவையே இந்த வருசமும் பாத்திருப்போம்."

நஞ்சப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து சின்னபாப்பாவின் குரல் வந்தது. "ஏம்பா நஞ்சப்பா, உன் மூஞ்சியத்தான் வருசா வருசம் பாக்கறோமே. நானு இன்னும் உக்காரலயில்ல அதுல? போடச் சொல்லு."

யாரோ சிரித்தார்கள். நஞ்சப்பனுக்கும் உதடு நெளிந்தது. சிரிப்பைக் காட்டாமல் அடக்கிக்கொண்டார். "சரி. அடுத்த வருசம் ஸ்டுடியோக்காரரும் வரட்டும். எங்களுக்கு அவரு, உங்களுக்கு நீ. அவ்வளவுதான்."

"வரட்டுங்க. ஆனா மாவிளக்கு வரிசைக்கு முன்னாடி அவரு நிக்கக் கூடாது. அந்த எடம் என்னுது."

நஞ்சப்பன் தலையை ஆட்டினார். ஆமென்று ஆட்டினாரா, பார்க்கலாம் என்று ஆட்டினாரா, எனக்குத் தெரியவில்லை. அண்ணி அதை ஆமென்றே எடுத்துக்கொண்டார். என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, சின்னபாப்பா தூரத்தில் தட்டோடு தெரியும் இடம்வரை பின்னால் ஓட்டி, அங்கிருந்து மறுபடி போட்டார்.